செல்லக்கிளிக்கு ஞாபகமில்லாத தங்கப் பதக்கம்

உறையூர்ச் செல்லக்கிளி பளுதூக்கும் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய செய்தி, திருச்சி மாவட்டத்திலேயே கடைசியாகத் தெரியவந்தது செல்லக்கிளிக்குத்தான். கணவர் அழகிரிக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அழகிரியின் அண்ணன் நல்லுசாமிக்குப் போட்டி தொடங்கும் முன்பே தெரியும் என்று நல்லுசாமியே சொன்னார். பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர், நாச்சியார் கோயில் வாசலில் பூ விற்பவர் என்று எல்லாரும் பகலுக்குள் அறிந்துகொண்டார்கள். தூக்கியவருக்கு மட்டும் சாயங்காலம், புத்தூரில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் வைத்துச் சொன்னார்கள். அவர் நம்பவில்லை.

இதை முறைப்படி விளக்க வேண்டுமானால் சோறு வடிக்கும் ஆவியிலிருந்து தொடங்க வேண்டும்.

செல்லக்கிளிக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாண மண்டபச் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கும் பெண்ணாக நுழைந்தவர். காய் நறுக்கி, தேங்காய் துருவி, கரண்டி பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி, இப்போது ஒரு டஜன் ஆட்களைக் கட்டி மேய்க்கும் தலைமைச் சமையல்காரர். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் அவர் சாம்பார் இறக்காத மண்டபம் அநேகமாக இல்லை. பெரிய அண்டாவை இரண்டு ஆண்கள் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்பது சமையல்கட்டின் சட்டம். அண்டா இறக்கும் பதத்துக்கு வருகிற அதே நேரத்தில் அந்த இரண்டு ஆண்களும் டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்பதும் சமையல்கட்டின் சட்டம்தான். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் சாம்பார் அடிபிடித்துவிடக் கூடாது என்பதால் செல்லக்கிளியே தூக்குவார்.

தூக்குவதற்கு அவரிடம் ஒரே முறைதான் உண்டு. தம் கட்டுவது. சோற்று அண்டாவை வடிக்கச் சாய்க்கும்போது கஞ்சி ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். அந்த நேரம் மூச்சை விட்டால் திரும்ப இழுக்க வேண்டும். இழுத்தால் தொண்டை வெந்துபோகும். ஆகவே பாத்திரத்தில் கை பட்டதும் நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, வாயை இறுக மூடி, முகம் சிவக்க, கழுத்து நரம்பு விரல் கனத்துக்குப் புடைக்க, வேலை முடியும்வரை துளி காற்றை வெளியே விட மாட்டார். முப்பது வருடத்தில் இது பழக்கம் என்ற நிலையைத் தாண்டி சுபாவமாகிவிட்டது. காலி வாளியைத் தூக்கினாலும் தம் கட்டுவார். பூக்கூடையைத் தூக்கினாலும் அப்படித்தான்.

புத்தூரில் ஜெஸ்வின் என்பவர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தபோது, திறப்புவிழாச் சாப்பாடு செல்லக்கிளி கை. வேனிலிருந்து பாயச அண்டாவை இறக்க ஆள் வேண்டியிருந்தது. கூடத்தில் ஆளுக்கா பஞ்சம்? கையில்லாத பனியன் போட்ட ஏழெட்டுப் பேர் கண்ணாடி முன்னால் நின்று தங்களைத் தாங்களே பார்வையிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்வை முடியட்டும் என்று செல்லக்கிளி சற்றுப் பொறுத்தார். அது முடிகிற பார்வையாகத் தெரியவில்லை. பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தம் கட்டி, அண்டாவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறினார். கண்ணாடிக்குள் இருந்த எல்லா முகங்களும் ஒரே நேரத்தில் திரும்பின. பாயசம் இலைக்கு வருமுன்பே ஜெஸ்வின் அவரைக் கூடத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

சில மாதங்களில் செல்லக்கிளி மூத்தோர் பிரிவு டெட்லிஃப்ட் வீராங்கனை ஆனார். அந்தப் போட்டியின் சூத்திரம் எளியது. தரையில் கிடக்கும் இரும்புத் தண்டை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து நிற்க வேண்டும். நடுவர் கையைக் கீழே இறக்கிச் சைகை காட்டியதும் திரும்ப வைத்துவிட வேண்டும். மூன்று வாய்ப்பு. செல்லக்கிளிக்கு இதில் பெரிய சௌகரியமாகப் பட்டது, இரும்பு ததும்பாது என்பதுதான்.

நல்லுசாமிக்கு இதில் சம்மதமில்லை. அவர் பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துறையைத்தான் விட்டார், மேற்பார்வையை விடவில்லை. குடும்பத்துப் பெண்பிள்ளை டிராக் பேண்டு போட்டுக்கொண்டு மேடையில் ஏறுவதா என்று கேட்டார். அழகிரி, அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுவரை பதில் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. செல்லக்கிளி, "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். கணவரின் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமலே அவர் சொன்னது எதையும் செய்யாமலிருப்பது எப்படி என்பதில் அவருக்கு முப்பது வருட அனுபவம் உண்டு.

போட்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. போட்டியை நடத்திய பளுதூக்கும் சங்கத்துக்கு அதைவிடக் கூரை உயர்ந்த இடம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் ரப்பர் விரிப்பைப் போட்டு இரும்பைக் கிடத்தியிருந்தார்கள். முதல் நாள் முகூர்த்தத்தின் தோரணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் சந்தனக் கிண்ணம்கூட இருந்தது. வந்த வீரர்கள் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் தொட்டு வைத்துக்கொண்டார்கள். இதே மண்டபத்தில் செல்லக்கிளி எத்தனையோ பந்திக்குச் சமைத்திருக்கிறார். மேடை ஏறியது அன்றுதான்.

மூன்றாவது வாய்ப்பில், இடுப்புப் பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கி, நெஞ்சு நிறையக் காற்று வாங்கி, செல்லக்கிளி தூக்கினார். தண்டு வளைந்தது, நின்றது, நடுவர் கை இறங்கியது. காட்டூரிலிருந்து வந்திருந்த ரோசரி டீச்சருக்கு வெள்ளி, செல்லக்கிளிக்குத் தங்கம். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். கை தட்டினார்கள். செல்லக்கிளி தோரணத்தைப் பார்த்தார், சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார், பக்கத்தில் வந்து நின்ற அழகிரியைப் பார்த்தார்.

"ஏங்க, யாரு வீட்டுக் கல்யாணம்?"

அழகிரி சிரித்தார். வெற்றி பெற்றவர்கள் நகைச்சுவையாகப் பேசுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கல்யாணம் இல்லை, போட்டி, நீதான் ஜெயித்தாய் என்று விளக்கினார். அப்படியா என்று கேட்டுக்கொண்ட செல்லக்கிளி, இரண்டு நிமிடம் கழித்து, யாரு வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். அழகிரி மறுபடி விளக்கினார். மறுபடி கேட்டார். அழகிரிக்கு உள்ளூர ஒரு குற்ற உணர்வு எழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தினமும் கண்ணாடி எங்கே, சாவி எங்கே என்று ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கிறவர். அதற்கெல்லாம் சேர்த்து இன்றைக்குப் பழிவாங்குகிறாள் என்று நினைத்து, தண்டனையை ஏற்றுக்கொண்டவராகப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு எந்த வீட்டிலாவது இது உடனே வியாதி என்று தெரிந்திருக்கும். அழகிரி வீட்டில் அது நியாயமாகப் பட்டது.

இதற்குள் செல்லக்கிளி சமையல்கட்டுக்குள் போய்விட்டார். அங்கே வேறொரு குழு வீரர்களுக்கு மதியச் சாப்பாடு தயாரித்துக்கொண்டிருந்தது. அவர் கரண்டியை வாங்கி ரசத்தை நாக்கில் விட்டுப் பார்த்து, அரைக் கை உப்புப் போட்டார். ரசம் சரியாகிவிட்டது. கை எதையும் மறக்கவில்லை. தன் பெயர், கணவர், உறையூர், ரசத்துக்கு உப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. புதிதாக உள்ளே போவதுதான் ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றியது போல ஒழுகிப் போயிற்று. அந்தக் குழுத் தலைவரிடமும் யாரு வீட்டுக் கல்யாணம் என்று கேட்டபோதுதான் இது பழிவாங்கல் இல்லை என்று அழகிரிக்குப் புரிந்தது.

நல்லுசாமி நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். மண்டபம் நிறைய ஆள். அத்தனை கண்ணும் ஒரு பெண்பிள்ளை மேல். இது திருஷ்டி என்று தீர்ப்புச் சொன்னார். எலுமிச்சை வரவழைத்தார். ஒரு முறை சுற்றினார், போதவில்லை என்று மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார். நெடி வராததால் திருஷ்டி கடுமையானது என்றார். பிறகு நெடி ஏறி இருமியபோது திருஷ்டி போய்விட்டது என்றார். செல்லக்கிளி மிளகாய் வாசனையை முகர்ந்து, தாளிப்பு கருகுகிறது என்று எச்சரித்துவிட்டு, கல்யாணம் யாருடையது என்று விசாரித்தார். அதற்குமேல் ஜெஸ்வின் பொறுக்கவில்லை. தலைக்குள் ரத்தக் குழாய் அடைத்திருந்தால் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம், திருஷ்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அக்காவைக் காரில் ஏற்றிப் புத்தூருக்கு விட்டார்.

அங்கே நரம்பியல் மருத்துவர் ஷஹனாஸ், கையை நீட்டச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. இது யார் என்று அழகிரியைக் காட்டினார். "எங்க வீட்டுக்காரரு" என்று செல்லக்கிளி கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. பேச்சோ கையோ குழறாமல், வலிப்பின் அடையாளமும் இல்லாமல், நினைவு மட்டும் போயிருப்பதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் சற்றுத் தெளிந்தது. ஆனாலும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருந்துவிடக் கூடாதே என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். ரத்தக் கசிவு இல்லை, அடைப்பும் இல்லை.

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது செல்லக்கிளி கேள்வி கேட்பதை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். கழுத்தில் கை வைத்தார்.

"இத யாருங்க என் கழுத்துல போட்டது?"

சொன்னார்கள். காலையில் ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டியதுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு இந்தக் காபிதான்.

வியாதிக்கு டாக்டர் நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னார்: டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா. நல்லுசாமிக்கு அதில் குளோபல் மட்டும் பிடித்தது. தம்பி பெண்டாட்டிக்கு உலகத் தரத்தில் ஒரு நோய் வந்திருக்கிறது என்று உறையூருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து எடுத்த இன்னொரு ஸ்கேனில், நினைவைப் பதியவைக்கும் இடத்தில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. அது தானே மறைந்துவிடும் என்றார் டாக்டர். கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் பார்த்தார்கள். தலையிலிருந்து ரத்தம் இறங்கி வரும் பெரிய நாளத்தில் ஒரு கதவு போல வால்வு இருக்கும். ரத்தம் திரும்ப மேலே ஏறாமல் தடுப்பது அதன் வேலை. செல்லக்கிளிக்கு அது சரியாக மூடவில்லை. தம் கட்டச் சொல்லிப் பார்த்தபோது ரத்தம் பின்வாங்கி மேலே போனது திரையிலேயே தெரிந்தது.

"மழையில வாய்க்கால் நெறஞ்சா உங்க தெருவுல சாக்கடைத் தண்ணி பின்னாடி ஏறி வீட்டுக்குள்ள வருதுல்லம்மா, அந்த மாதிரி. நீங்க தம் கட்டுறப்ப மேல தேங்குது. ஞாபகம் எழுதற எடம் கொஞ்ச நேரம் மூச்சுத் திணறிப் போகுது."

"நிச்சயமா அதுதானா டாக்டரம்மா?"

"நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது. தமனியில சின்ன அடைப்பு வந்து விலகினாலும் ஞாபகம் போகலாம், ஆனா உங்களுக்கு அதுக்கு அடையாளம் இல்ல. சின்ன வயசுல உங்களுக்கு ஒத்தத் தலவலி இருந்திருக்கு, அதுக்கும் பங்கு இருக்கலாம். கதவு லூசா இருக்கற எல்லாருக்கும் இப்படி வர்றதில்ல. உங்க விஷயத்துல இந்த நாளம்தான்னு நான் நெனக்கிறேன்."

வாழ்க்கையில் ஒருமுறைகூட 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாத நல்லுசாமிக்கு, அந்த இடத்தில் டாக்டர் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

செல்லக்கிளிக்கு வேறு கவலை. அந்தச் சில மணி நேரம் திரும்பி வருமா என்று கேட்டார். வராது, பதிந்திருந்தால்தானே வரும் என்றார் டாக்டர்.

"அப்ப நான் ஜெயிச்சது எனக்கு எப்பவுமே தெரியாதா?"

டாக்டர் ஷஹனாஸ் செல்லக்கிளியின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அதன்பின் நடந்ததுதான் அநியாயம். செல்லக்கிளியின் வெற்றி பொதுச் சொத்தாகிவிட்டது. அவரிடமே ஒரு கதையும் இல்லாததால் ஆளாளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். பால்காரர் சொன்ன கதையில் தண்டு இரண்டாக முறிந்தது. பூக்காரர் கதையில் நடுவர் மயங்கி விழுந்தார். ஆனால் அதிகாரபூர்வமான கதை நல்லுசாமியுடையது. மூன்றாவது வாய்ப்பில் பெண்பிள்ளை தயங்கி நின்றது. முன்வரிசையிலிருந்து அவர் எழுந்து, "தூக்கு செல்லக்கிளி, நான் இருக்கேன்" என்று ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரலில்தான் இரும்பு எழும்பியது. டீக்கடையில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில், இந்தக் குரலை அவர் கொடுக்காத இடமில்லை. போட்டிக்கு எதிராகப் பேசியவர் அவரே என்பதையும் அவர் மறந்துவிட்டார். அதற்கு எந்த டாக்டரும் ஸ்கேன் எழுதவில்லை.

வெளிப்படையாக மறுக்க ஒரு சாட்சி இல்லை. அழகிரி பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் எடுத்த படத்தில் ஒலிபெருக்கிப் பாட்டுத்தான் கேட்டது. பெரியவர் அப்போது வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார் என்று ஜெஸ்வின் ரகசியமாகச் சொன்னார். ஆனால் செல்லக்கிளி எதை வைத்துப் பேசுவார்? படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். யாரோ ஒரு பெண் நன்றாகத்தான் தூக்கினாள். அடுத்த தெருக் கல்யாண வீடியோவில் தன்னைத் தேடுவது போல இருந்தது. வளைகாப்பு வீட்டில் மூத்தார் நல்லுசாமியின் குரல் கூடத்தில் முழங்கியபோது, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்லக்கிளி ஒரு முடிவுக்கு வந்தார். இன்னொரு முறை ஜெயிக்க வேண்டும். இந்த முறை அது தனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

டாக்டர் தடை போடவில்லை. இது திரும்ப வருவது அபூர்வம் என்றார். ஆனால் சில மாதம் பொறுக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், பட்டையைத் தளர்த்த வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் கட்டக் கூடாது. மூச்சை விட்டுக்கொண்டே தூக்கப் பழகிய பிறகுதான் மேடை. நல்லுசாமி குடும்பத்தைக் கூட்டி, மூச்சு விட்டுக்கொண்டே தூக்குவது இந்தப் பெண்பிள்ளையால் ஆகாது, ஆகவே தூக்கவே வேண்டாம் என்று முடிவு அறிவித்தார். "சரிங்க மாமா" என்ற செல்லக்கிளி, மழைக்காலம் கழிந்ததும் புத்தூருக்குப் போனார்.

கஷ்டம் என்னவென்றால், நல்லுசாமி சொன்னதில் பாதி உண்மையாக இருந்தது. பெரியவர்களிடம் அது ஒரு தொல்லை. ஜெஸ்வின் படாத பாடு பட்டார். தூக்கும்போது எண்ணச் சொன்னார். "ஒண்ணு" என்று ஆரம்பித்து வாய் மூடிக்கொண்டது. ஊதச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார், தாலாட்டுப் பாடச் சொன்னார். இரும்பில் கை பட்டதும் உதடு இரண்டும் இரும்புப் பெட்டியாகிவிடும். முப்பது வருடக் கஞ்சி ஆவி அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிருந்தது. ஜெஸ்வின் உடனே எடையை வைத்துவிடச் சொல்வார். வெறும் கம்பியைத் தாண்ட முடியவில்லை. பனியன்காரர்கள்கூட இப்போது கண்ணாடியை விட்டுவிட்டு அக்காவுக்காகக் கவலைப்பட்டார்கள்.

விடிவு அழகிரி வடிவில் வந்தது. வாழ்க்கையில் அவர் யாருக்கும் விடிவாக வந்தது அதுவே முதல் தடவை. ஒரு நாள் மனைவியைக் கூப்பிட வந்தவர், செல்லக்கிளி குனிந்து தண்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய தருணத்தில், இடம் பொருள் தெரியாமல் கேட்டார்.

"கிளி, என் கண்ணாடிய எங்க வெச்ச?"

"நான் எதுக்குங்க வெக்கிறேன், உங்க தலைக்கு மேல இருக்கு தடவிப் பாருங்க, வேற எங்க போவும் அது."

சொல்லி முடித்தபோது செல்லக்கிளி நிமிர்ந்து நின்றிருந்தார். இரும்பு கையில் இருந்தது. முகம் சிவக்கவில்லை. கழுத்து நரம்பு அமைதியாக இருந்தது.

ஜெஸ்வின் பக்கத்தில் வந்து, "அக்கா, மூச்சு விட்டுட்டீங்க" என்றார். மனித உடலால் தம் கட்டிக்கொண்டே புருஷனைத் திட்ட முடியாது என்ற மகத்தான உண்மை புத்தூரில் அந்த மாலை கண்டுபிடிக்கப்பட்டது.

அழகிரி அன்றே உதவிப் பயிற்சியாளராக நியமனம் பெற்றார். கடமையை அவர் தலைமேல் வைத்துச் செய்தார். கண்ணாடி, சாவி, நீலச் சட்டை, போன் சார்ஜர், கேஸ் புக் பண்ணியாச்சா, நேற்று வைத்த மோர் எங்கே என்று எடைக்கு ஏற்ற கேள்விகளாகத் தேர்ந்து வந்தார். கனம் கூடக் கூடக் கேள்வியின் அசட்டுத்தனமும் கூட வேண்டும் என்பது அவர் தாமே கண்ட நுட்பம். மனைவியிடம் இவ்வளவு காலம் திட்டு வாங்கியதெல்லாம் ஒரு பயிற்சி என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. டாக்டர் ஷஹனாஸ் ஒருமுறை நேரில் வந்து பார்த்தார். மருத்துவப் புத்தகத்தில் இந்த முறை இல்லை, ஆனால் ஆட்சேபமும் இல்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

மறுவருடம் அதே மண்டபம், அதே மேடை. பேச்சுச் சத்தம் போட்டால் தகுதி நீக்கம் உண்டா என்று ஜெஸ்வின் முன்கூட்டியே கேட்டு வைத்தார். அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்றார் தலைமை நடுவர். முதல் இரண்டு வாய்ப்பும் சார்ஜரிலும் நீலச் சட்டையிலும் சுலபமாகக் கடந்தன. ஆனால் ரோசரி டீச்சர் ஒரு வருடம் சும்மா இருக்கவில்லை. அவர் மூன்றாவதில் தூக்கியது, செல்லக்கிளி அன்று அதுவரை தூக்கியதைத் தாண்டிவிட்டது. அதை வெல்லத் தேவைப்பட்ட எடை போன வருடக் கனம் அளவுக்கு இல்லை. டாக்டர் வரைந்த கோட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் திட்டிக்கொண்டே செல்லக்கிளி இதுவரை தூக்கியிராத எடை அது.

செல்லக்கிளி மேடை ஏறினார். குனிந்தார். பிடித்தார். மேடையோரம் நின்ற அழகிரி கேள்வி கேட்க வாயைத் திறந்தார். வரவில்லை. ஆயுள் முழுக்கக் கேள்விகளாலேயே ஆன அந்த மனிதருக்கு, தேவைப்பட்ட ஒரே நொடியில் ஒரு கேள்விகூட இல்லை. ஜெஸ்வின் அவர் முதுகில் தட்டினார். வாய் மீன் போலத் திறந்து மூடியது. மேடையில் செல்லக்கிளியின் நெஞ்சு நிறைந்துகொண்டிருந்தது. உதடு மூடியது. கழுத்தில் பழைய நரம்பு மெல்லத் தலைகாட்டியது. வைத்துவிடுங்கள் அக்கா என்று சொல்ல ஜெஸ்வின் கையைத் தூக்கினார்.

அப்போது முன்வரிசையில் நல்லுசாமி எழுந்து நின்றார். இந்த வருடம் அவர் சீக்கிரமே வந்து வண்டியை நிறுத்தியிருந்தார்.

"தூக்கு செல்லக்கிளி, நான் இருக்கேன்."

முப்பது வருடம் இந்தக் குரலுக்கு ஒரே பதில்தான் இருந்தது. மண்டபத்தில் இருந்த உறவுக்காரர்கள் "சரிங்க மாமா"வை எதிர்பார்த்தார்கள். செல்லக்கிளி வாயைத் திறந்தார்.

"மாமா, நீங்க இருக்கறது எனக்குத் தெரியும், கொஞ்சம் பேசாம உக்காருங்க. தூக்கறது நானு. போன வருசமும் நான்தான் தூக்குனேன், நீங்க வாசல்ல வண்டிக்கு எடம் தேடிக்கிட்டு இருந்தீங்க."

குரல் உயரவில்லை. மரியாதையில் ஒரு 'ங்க' குறையவில்லை. வார்த்தைக்கு வார்த்தை காற்று வெளியே போயிற்று, அங்குலத்துக்கு அங்குலம் இரும்பு மேலே வந்தது. 'வண்டிக்கு' என்ற இடத்தில் முழங்காலைத் தாண்டியது. வாக்கியம் முடிந்தபோது நிமிர்ந்து நின்றார். நல்லுசாமி உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நடுவரின் கை இறங்கவில்லை. தலைமை நடுவருக்கும் வீட்டில் ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும். அவர் இரும்பை மறந்து நல்லுசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைகை வராமல் வைத்தால் எல்லாம் வீண். செல்லக்கிளியிடம் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்திருந்தது. மூச்சில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை நடுவர் பக்கம் திருப்பினார்.

"சார், எறக்கலாமா வேணாமா, கையக் காட்டுங்க."

கை இறங்கியது. இரும்பும் இறங்கியது. மண்டபம் தோரணம் ஆட ஆட முழங்கியது. முதலில் எழுந்து நின்று கை தட்டியவர் ரோசரி டீச்சர். அவருக்கும் புகுந்த வீடு உண்டு.

ஜெஸ்வின் ஒரே தாவலில் மேடைக்கு வந்தார். பதக்கத்தைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்து, "அக்கா, இப்ப என்ன நடந்துச்சு? சொல்லுங்க பாப்போம்" என்றார். அழகிரி பக்கத்தில் வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லிட்டிருந்தது. அல்லது அவருடையதாக இருக்கலாம்.

செல்லக்கிளி ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். காலையில் ஆட்டோவில் ஏறியது, காவிரிப் பாலம், பாலத்துக்கு அப்புறம் வந்த தெருமுனையில் ஒரு மாடு மறித்தது, வாசல் படியில் கால் வைத்தது, ரோசரி டீச்சர் வெல்லக் கட்டி ஒன்று வாயில் போட்டது, முதல் தூக்கு, இரண்டாம் தூக்கு, இரும்பு எவ்வளவு சில்லென்று இருந்தது, வீட்டுக்காரர் வாய் எப்படித் திறந்து மூடியது, மூத்தார் எந்தக் கையை உயர்த்தினார், அவரிடம் தாம் சொன்னது என்ன, எந்தச் சொல்லில் இரும்பு முழங்காலைத் தாண்டியது. ஒன்றும் சிந்தவில்லை. எல்லாம் உள்ளே இருந்தது. சொல்லச் சொல்லத் தமக்கே அது தெரியவர, நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பதக்கம் போட வந்த பிரமுகர் கதை முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. புகைப்படக்காரருக்கு ஒருமுறை சொன்னார். சமையல்கட்டில் இருந்தவர்களுக்கு ஒருமுறை. டாக்டர் ஷஹனாஸுக்குப் போனில் ஒருமுறை. அவர் இரண்டு நோயாளிகளை வெளியே உட்கார வைத்துவிட்டு முழுதும் கேட்டார் என்பதைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் ஜெஸ்வின். காரில் மூன்று பேருக்குத்தான் சொல்ல முடியும் என்பதால் செல்லக்கிளி டவுன் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கழுத்தில் பதக்கத்தைப் பார்த்து யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்; பக்கத்து சீட்டுப் பெண் என்னம்மா இது என்று கேட்டதுதான் தாமதம். அழகிரி பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, தம் பெயர் வரும் இடத்திலெல்லாம் தலையாட்டினார். வண்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்து அவருக்குப் பின்னால் நின்ற நல்லுசாமி, பாலம் வந்தபோது, தாம் எழுந்து நின்றது சரியாக எந்தக் கணத்தில் என்று ஒரு சிறு திருத்தம் சொல்ல முன்வந்தார்.

"மாமா, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க" என்றார் செல்லக்கிளி.

நல்லுசாமி திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் போடுவதை விட்டுவிட்டுக் கேட்டார். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்க வேண்டியவர்கள் நடுவர் கை இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அங்கே கீரைக்கூடையோடு ஏறிய ஒரு அம்மாள், கதை முடியும் இடத்தில் வந்து சேர்ந்துவிட்டோமே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

உறையூர் போக இன்னும் நேரம் இருந்தது. செல்லக்கிளி கூடையைத் தம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.